ஒன்றரை மடங்கு நடவு

எண்பதுகளின் நடுவில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். ஐ.டி.ஐ.யில் ரேடியோ மெக்கானிக் படித்தவன் என்பதால், முதலாளி புதிதாக வாங்கியிருந்த வீடியோ கேமராவையும் கேசட் போடும் டெக்கையும் என் பொறுப்பில் விட்டிருந்தார். கல்யாணம், காதுகுத்து என்று சுற்றுவட்டாரத்தில் எங்கே விசேஷம் நடந்தாலும் விளக்கையும் ஒயரையும் தூக்கிக்கொண்டு போவோம்.

எங்கள் ஊர் கீழப்பழுவூருக்கு அந்தப் பக்கம். அரியலூர் போய் பஸ் மாறி, இறங்கி நடக்க வேண்டும். அம்மாவும் அப்பாவும் அங்கே நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எங்களுக்கென்று ஒரு குழி நிலம் கிடையாது. ஏரிக்குக் கீழே இருந்த நல்ல நிலமெல்லாம் பெரிய வீட்டுக்குச் சொந்தம். ஊரில் யாரும் அந்த வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டார்கள். பெரிய வீட்டு ஐயா, அவ்வளவுதான்.

அந்தப் பெரிய வீட்டிலிருந்து ஒரு நாள் ஸ்டுடியோவுக்கு ஒரு ரெக்சின் பை வந்தது. உள்ளே ஒரு சின்ன புரொஜக்டர், கையடக்கமான ஒரு பிலிம் கேமரா, பிஸ்கட் டின் ஒன்றில் பிலிம் சுருள்கள். ஐயாவின் தம்பி சிங்கப்பூரில் வியாபாரம் செய்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில் ஊருக்கு வந்திருந்தபோது அவர் பிடித்த படங்கள் அவை. ஐயாவுக்கு மணிவிழா வந்தது. பழைய பிலிமையெல்லாம் ஒரே கேசட்டில் ஏற்றிக்கொடுத்தால் விழாவுக்கு வருகிறவர்களுக்கு டி.வி.யில் போட்டுக் காட்டலாம் என்று ஆசைப்பட்டார். அவருடைய அண்ணன் மகள் கல்யாணத்தை நாங்கள்தான் வீடியோ எடுத்திருந்தோம். அந்தப் பழக்கத்தில் அரியலூரைத் தாண்டி எங்களிடம் அனுப்பியிருந்தார்.

ஏற்றுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. சுவரில் வெள்ளை அட்டையை ஒட்டி, அதில் புரொஜக்டரால் படத்தை விழ வைத்து, எதிரே வீடியோ கேமராவை நிறுத்திப் பிடிக்க வேண்டும். முதலாளி அதைத் தானே செய்துவிட்டார். நான் அப்போது அரும்பாவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது, முதலாளியும் பக்கத்து டெய்லரும் டி.வி. முன்னால் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாய்யா, வந்து பாரு. எறும்புப் புத்தைக் கலைச்ச மாதிரி ஓடுறாளுங்க" என்றார் டெய்லர்.

பார்த்தேன். ஏரிக்கரை தெரிந்தது. கரைக்குக் கீழே தண்ணீர் கட்டிய வயல். வரிசையாகப் பெண்கள் குனிந்து நாற்று நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தார்கள். கைகள் கோழி கொத்துவதுபோலச் சேற்றைக் கொத்தின. வரப்பில் குடை பிடித்து ஒருவர் தத்தித் தத்திப் போனார். அவர் பெரிய வீட்டுக் காரியக்காரர், ஆட்களை மேய்க்கிறவர். வரிசையில் இரண்டாவதாக நின்றவள், நாற்றுமுடியை அவிழ்த்து அதைக் கட்டியிருந்த வைக்கோலை இடது தோள்மேல் எறிந்தாள். அந்த எறிதலை எனக்குத் தெரியும். மற்றவர்கள் காலடியில் போடுவார்கள். அம்மா மட்டும்தான் தோள்மேல் போடுவாள்.

அது என் அம்மா என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை. சிரிப்பு முடியும்வரை நின்றுகொண்டிருந்தேன்.

எங்களிடம் அம்மாவின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. ஸ்டுடியோவில் வேலை செய்தும் நான் எடுத்ததில்லை. அவள் இளம் வயதில் எப்படி இருந்தாள் என்று எனக்கு மங்கலாகத்தான் ஞாபகம். அந்தப் பெண் இப்போது திரையில் இருந்தாள், ஆனால் பொம்மலாட்டப் பொம்மைபோலத் துள்ளிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போனபின் பையில் இருந்த பிலிம் கேமராவை எடுத்துப் பார்த்தேன். அதன் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு. அது பதினாறு என்ற எண்ணில் நின்றது. பிலிம் என்பது அசையாத படங்களின் வரிசைதான். ஒரு விநாடிக்குப் பதினாறு படம் எடுத்தால், போடும்போதும் விநாடிக்குப் பதினாறுதான் ஓட வேண்டும். முதலாளி புரொஜக்டரின் திருகை இருபத்துநாலில் வைத்திருந்தார். அதனால் எல்லாம் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடியது. வெளிச்சம் வேறு துடித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன்.

"சினிமான்னா இருவத்துநாலுதான்யா. டூரிங் டாக்கீஸ்ல ஆபரேட்டரா இருந்தவன்கிட்ட வந்து சொல்ற" என்றார்.

"தியேட்டர் படத்துக்கு அது சரிங்கண்ணே. இது வூட்டுல புடிச்ச படம். கேமராவுலேயே பதினாறுன்னு இருக்கு பாருங்க."

அவர் கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்தார். "சரி, பொழுது இருந்தா இன்னொருக்கா ஏத்து. பழசை அழிச்சுடாத" என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். இதை எழுதும்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பின்புறத்து அரிசி ஆலை ஓட ஆரம்பித்துவிட்டால் கரண்ட் இறங்கிவிடும், புரொஜக்டரும் தடுமாறும். அதனால் விடிந்ததும் கடையைத் திறந்து வேலையில் இறங்கினேன். திருகை மெல்ல மெல்லக் குறைத்தேன். பதினாறைத் தொட்டு இம்மி மேலே வந்த இடத்தில், டி.வி.யில் தெரிந்த துடிப்பு சட்டென்று நின்றது. வெளிச்சம் அமைதியானது. வயலும் அமைதியானது. காரியக்காரர் தன் ஒரு கால் இழுப்போடு நடந்தார், ஊரில் நான் தினமும் பார்த்த அதே நடை. பெண்கள் குனிந்தார்கள், ஊன்றினார்கள், ஒரு அடி பின்வைத்தார்கள். இதில் சிரிக்க எதுவும் இல்லை. அம்மா நடுவதைச் சின்ன வயதில் வரப்பில் உட்கார்ந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்தக் கை இதுதான். முதலாளி வரும் நேரம்வரை அதையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.

முதலாளியும் பார்த்தார். "மந்தமாத்தான் இருக்கு. ஆனா துடிப்பு இல்ல. இதையே குடுத்துடுவோம்" என்றார்.

ஐயா காரில் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு தோல்பை. நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். என்னைத் தெரியவில்லை அவருக்கு. தெரு ஆட்களின் பிள்ளைகளை அவர் முகம் பார்த்ததில்லை. கேசட்டைப் போட்டேன். தம்பி குடும்பம், கோயில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர், நடவு வந்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்ன தம்பி, எல்லாம் தூங்கி வழியிறாளுங்க?"

"அப்ப நடந்த வேகமே அதுதாங்க ஐயா."

முதலாளி முந்திக்கொண்டார். "இன்னொண்ணு இருக்குங்க ஐயா. அது கொஞ்சம் விறுவிறுன்னு இருக்கும்" என்று பழைய கேசட்டைப் போட்டார். ஐயாவின் முகம் மலர்ந்துவிட்டது. முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"இதான்யா வேலை. இதைக் குடு."

"ஐயா, அது தப்பான வேகம். கேமராவுல பதினாறு வச்சுப் புடிச்சிருக்காங்க. பாருங்க" என்று கேமராவை நீட்டினேன்.

அவர் கேமராவைப் பார்க்கவில்லை. முதல் தடவையாக என்னைப் பார்த்தார். "நீ எந்த ஊரு தம்பி?"

ஊரைச் சொன்னேன். அப்பா யார் என்று கேட்டார். அதையும் சொன்னேன். பிறகு முதலாளியின் பக்கம் திரும்பி, "இவன் நம்ம ஊரு பயதானா? சொல்லவே இல்லையே" என்றார். அப்புறம் என்னிடம், "டேய், அந்தக் கேசட்ட எடுத்துக் கார்ல வை. அப்படியே இந்தப் பையையும்" என்றார். தம்பி என்பது டேய் ஆக இரண்டு கேள்விதான் தேவைப்பட்டது. துடிக்கிற கேசட்டையும், புரொஜக்டரையும், பிலிம் டின்னையும் நான்தான் சுமந்துபோய்க் காரில் வைத்தேன்.

அந்த வேகம் அவருக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று எனக்கு அப்போது புரியவில்லை. ஊருக்குப் போனபோதுதான் புரிந்தது.

அந்த வருஷம் எங்கள் தெருப் பெண்கள் பெரிய வீட்டில் ஒரு கோரிக்கை வைத்திருந்தார்கள். வெள்ளி முளைக்கும்போது வயலில் இறங்கினால் இருட்டும்வரை விடமாட்டார்கள். மத்தியானம் வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கக் கொஞ்ச நேரம் வேண்டும், பொழுது சாய்ந்தால் கரையேற விட வேண்டும். கேட்டது அவ்வளவுதான். கேட்டவர்களில் அம்மாவும் ஒருத்தி. "பாக்கலாம்" என்று ஐயா சொல்லியிருந்தாராம்.

மணிவிழா அன்றைக்கு நானும் ஊரில் இருந்தேன். விருந்தாளிகள் சாப்பிட்டு முடித்து, சாயங்காலம் வெளிச்சம் இறங்கியதும், டி.வி.யைத் தூக்கி வாசலைப் பார்த்து வைத்தார்கள். விருந்தாளிகளுக்கு நாற்காலி. எங்கள் தெருவுக்கும் ஆள் அனுப்பியிருந்தார்கள். நாங்கள் வாசலுக்கு வெளியே களத்தில் தரையில் உட்கார்ந்தோம். எங்களை அந்த வீட்டில் எதையாவது பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

நடவு வந்ததும் எங்கள் பக்கம் ஒரே கூச்சல். "ஏ, அது நான்டி!" "அந்தா பாரு ஒன் மாமியா!" செத்துப்போன ஒரு கிழவியைத் திரையில் பார்த்து அவள் மகள் அழுதேவிட்டாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சந்தோஷமாகத்தான் பார்த்தார்கள்.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஐயா எழுந்தார். விருந்தாளிகளில் தாலுகா ஆபீஸ் ஆட்களும் இருந்தார்கள். அவர்களைப் பார்த்து, ஆனால் எங்களுக்குக் கேட்கிற மாதிரி பேசினார்.

"பாருங்க சார், இதே ஆளுங்கதான். இதே வயலுதான். கை எப்படி ஓடுது பாருங்க. இன்னிக்கு இவங்களுக்குக் கஞ்சி குடிக்கத் தனியா நேரம் வேணுமாம். பொழுதோட வூட்டுக்குப் போவணுமாம். இந்த வேகத்துல நட்டா நான் ஏன் இருட்டுறவரைக்கும் நிறுத்தப் போறேன்? மத்தியானமே முடிஞ்சுடாதா?"

நாற்காலிகளில் தலைகள் ஆடின. "சோம்பேறித்தனம் வந்துடுச்சுங்க" என்று யாரோ சொன்னார்கள்.

நான் எழுந்து நின்றேன். "படம் வேகமா ஓடுதுங்க. மெஷின்ல வச்ச வேகம் அது. நெசத்துல இப்படி யாரும் நடல. நடந்துபோற காரியக்காரரைப் பாருங்க, அவரு அப்படியா நடப்பாரு?"

ஐயா கோபப்படவில்லை. சிரித்தார். "பெரம்பலூர்ல நாலு கல்யாணத்துக்கு லைட்டு புடிச்சான். அதுக்குள்ள மெஷினு பொய் சொல்லுதுங்கறான்."

நாற்காலிகள் எல்லாம் சிரித்தன. அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். "உக்காருடா. நாளைக்கு நாங்கதான் இங்க நிக்கணும்." உட்கார்ந்தேன்.

அவர் பேசியதோ அவர்கள் சிரித்ததோ எனக்குப் பெரிதாக இல்லை. திரும்பி வரும் வழியில் அம்மா கேட்டதுதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது. கையை முன்னால் நீட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அப்ப அம்புட்டு வேகமாவாடா நட்டேன்?"

"இல்லம்மா. அது மெஷினு."

"கண்ணால பாத்தனே. அப்ப ஒடம்புல வலு இருந்திருக்கு. இப்ப இல்ல, அதான் அவரு கேக்குறாரு."

மற்ற பெண்களும் அப்படித்தான் பேசிக்கொண்டு போனார்கள். அவர்களுடைய உடம்பைப் பற்றி அவர்களுக்கே தெரிந்ததைவிட அந்த டி.வி.யை நம்பினார்கள்.

அடுத்த வாரம் அம்மாவைப் பெரம்பலூருக்குக் கூட்டிவந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். முதலாளி சாப்பிடப் போன நேரத்தில், யாரும் வாங்காமல் ஸ்டுடியோவிலேயே கிடந்த சரியான கேசட்டைப் போட்டேன். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்காராமல் டி.வி.க்கு நெருங்கி நின்றாள்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுதான்டா நான்" என்றாள்.

அப்புறம் ஒரு இடம் வந்தது. வேக கேசட்டில் அது கண் இமைக்கும் முன் போய்விட்டிருந்தது. அதில் அம்மா துள்ளி எழுவதும் காரியக்காரர் குடையை ஆட்டுவதும் அவள் மறுபடி குனிவதும் ஏதோ கேலி விளையாட்டு மாதிரி இருக்கும். டெய்லர் அதற்குத்தான் அதிகம் சிரித்திருந்தார். இப்போது அது முழுசாகத் தெரிந்தது. அம்மா இடுப்பில் கையை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்கிறாள். கண்ணை இறுக்கி மூடுகிறாள். காரியக்காரர் திரும்பி, குடையை மடக்கி அவள் பக்கம் ஓங்குகிறார். அம்மா அவரைப் பார்க்கிறாள். பிறகு கேமராவைப் பார்க்கிறாள். குனிகிறாள்.

"இன்னொருக்கா போடு" என்றாள். போட்டேன்.

"அன்னிக்கு எனக்குச் சொரம். சின்னய்யா படம் புடிக்கிறாரு, எவளும் நிமுரக் கூடாதுன்னு காரியக்காரன் வஞ்சான். படம் முடியிறவரைக்கும் தண்ணி குடிக்கக்கூடக் கரையேற உடல. நீ வரப்புல உக்காந்து தண்ணி தண்ணின்னு அழுவுற, நான் கேட்டுக்கிட்டே நடுறேன்." டி.வி.யை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள். "இதையா அன்னிக்கு நான் சிரிச்சுக்கிட்டுப் பாத்தேன்?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இதை ஊருக்குக் கொண்டாந்து போடு. எல்லாப் பொம்பளைங்களும் பாக்கணும்."

முதலாளியிடம் டி.வி.யும் டெக்கும் ஒரு நாளைக்குக் கேட்டேன். "பெரிய வீட்டுச் சொந்தக்காரங்க கல்யாணம் பூரா நமக்குத்தான் வருது. எனக்கு வேணாம்யா இந்த வம்பு" என்றார். அரியலூரில் டெக் வாடகைக்கு விடும் ஒரு நண்பன் இருந்தான். அவன் தருவதாகச் சொன்னான். நாள் குறித்துக்கொண்டு கேசட்டை எடுக்க ஸ்டுடியோவுக்குப் போனேன். அலமாரியில் அதே இடத்தில் இருந்தது. சந்தேகத்தில் டெக்கில் போட்டுப் பார்த்தேன். நாதஸ்வரக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை அழைப்பு. எங்களுக்குத் தெரியாத யாரோ ஒருவரின் கல்யாணத்தை அதன்மேல் பதிந்திருந்தார்கள்.

முதலாளி கல்லாவில் இருந்து எழவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

"பெரிய வீட்டுலேர்ந்து ஆள் வந்துச்சு. இன்னொரு கேசட்டு இருக்குமே, அது எங்கன்னு கேட்டாங்க. நான் என்ன செய்யறது? கடையை நடத்தணும்ல?"

கல்யாணத்தை முழுசாக ஓடவிட்டுப் பார்த்தேன். தாலி கட்டி, பந்தி முடிந்து, கடைசியில் படம் ஒருமுறை உதறியது. பழையதன் வால் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. பெரிய வீட்டு மாட்டை ஏரியில் குளிப்பாட்டுகிற காட்சி. மாடு தலையை ஆட்டியது, காதைச் சிலுப்பியது, நிதானமாகக் கரையேறியது. அந்த மாடு மட்டும் சரியான வேகத்தில் தப்பித்திருந்தது.

பிலிமையாவது கேட்டுப் பார்க்கலாம் என்று பெரிய வீட்டுக்குப் போனேன். உள்ளே விடவில்லை. வாசலிலேயே காரியக்காரர் நிறுத்தி, "ரீலெல்லாம் சிங்கப்பூருக்குப் போயிடுச்சு. நீ போ" என்றார். போகவில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நடவு தொடங்கியது. கஞ்சிக்கு நேரமும் இல்லை, பொழுதோடு விடுவதும் இல்லை. மறுபடி கேட்கப் பெண்களுக்கே கூச்சமாகிவிட்டது. வயலில் ஒரு புதுப்பேச்சு வந்தது. யாராவது நிமிர்ந்தால் காரியக்காரர், "கேசட்டுல நட்ட மாதிரி நடுங்கடி" என்பார். முதல் நாள் அம்மா பொறுத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் நாற்றுமுடியைச் சேற்றில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்தக் கேசட்டக் கொண்டாந்து வயல்ல உட்டு நடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கரையேறினாள்.

அவளோடு யாரும் ஏறவில்லை. அதன்பிறகு அவளைப் பெரிய வீட்டு வேலைக்குக் கூப்பிடவில்லை. அப்பாவையும் கூப்பிடவில்லை. அம்மா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் சுமக்கப் போனாள். தலையில் வெள்ளைத் தூளோடு சாயங்காலம் பஸ் ஏறி வருவாள். முழங்கால் போன பிறகுதான் அதையும் விட்டாள். அவளுக்கு அந்த ஊரில் இருந்த ஒரே மரியாதை நடவில் கோணாமல் வரிசை பிடிப்பவள் என்பதுதான். அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

நான் அடுத்த வருஷம் ஸ்டுடியோவை விட்டுவிட்டு அரியலூரில் சின்னதாக ஒரு ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை போட்டேன். ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, அம்மாவோடு அந்த வரிசையில் நின்று நட்ட பக்கத்து வீட்டு அத்தை குழாயடியில் இருந்தாள். இடுப்பு வளைந்துவிட்டது அவளுக்கு. குடத்தைத் தூக்க முடியவில்லை, நான் தூக்கிக்கொடுத்தேன்.

"இப்ப இப்படிக் கெடக்கேன். அந்தக் காலத்துல நாங்க என்னமா நட்டோம்! கேசட்டுல பாத்தல்ல?" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

"அத்தை, அது மெஷினு வேகம்..." என்று ஆரம்பித்தேன்.

"போடா, என் கண்ணால பாத்தேன்" என்றாள்.

குடத்தை அவள் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.